மோட்டார் எஞ்சினில் தட்டுச் சப்தம்: காரணமும் நிவர்த்தியும்

உழவு மாடு நடையில் சிறிது நொண்டியவுடனே குளம்பைத் தூக்கிப் பார்ப்பது நல்ல விவசாயியின் வழக்கம். வண்டி அச்சு கிறீச்சிட்டால் அன்றைக்கே மை போடுவான். யந்திரத்தின் விஷயத்தில் மாத்திரம் அநேகர் இவ்வழக்கத்தைக் கைவிட்டு, “ஓடுகிற வரையில் ஓடட்டும்” என்று இருந்துவிடுகின்றனர். யந்திரமும் நோய் கண்டால் முனகுவதுண்டு. அம்முனகலை அறிந்து கொள்பவனுக்கு ஓர் அரமும் ஒரு மணி நேர வேலையும் போதும். அறியாதவனுக்கு எஞ்சினே போய்விடும்.

இப்பாடத்தில் மோட்டார் எஞ்சினில் உண்டாகும் தட்டுச் சப்தங்களின் வகைகளும், அவற்றைப் பகுத்தறியும் முறைகளும், நிவர்த்தி செய்யும் வழிகளும் கூறப்படும். உதாரணமாக எடுத்துக்கொள்ளப்படுவது போர்டு கம்பெனியாரின் ‘டி’ மாதிரி வண்டியாகும். இதன் எஞ்சின் மிகவும் எளிய அமைப்புள்ளது; இதில் ஒவ்வொரு நோயும் தனக்கென்று ஒரு குரலுடன் பேசும். ஆகையால் கற்றுக்கொள்பவர்க்கு இதைக்காட்டிலும் ஏற்ற உதாரணம் கிடைப்பது அரிது.

வண்டியின் வரலாறும் அமைப்பும்

‘டி’ வண்டி அமெரிக்காவில் டிட்ராயிட் நகரத்தில் 1908-ஆம் வருஷம் முதன்முதல் செய்யப்பட்டது. 1927-ஆம் வருஷம் மே மாதத்தில் உற்பத்தி நிறுத்தப்படுவதற்குள் ஒன்றரைக் கோடி வண்டிகள் வெளிவந்துவிட்டன. ஆரம்பத்தில் 850 டாலராக இருந்த விலை 1925-ஆம் வருஷத்தில் 260 டாலராகக் குறைந்தமையால், அந்நாட்டுக் குடியானவர்கள் ஏராளமாய் இதை வாங்கினர். வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, ஒரு சக்கரத்தில் வாரைப் பூட்டி, மரம் அறுக்கவும், தண்ணீர் இறைக்கவும், தீவனம் அரைக்கவும் அதை உபயோகித்தனர். பழைய வண்டிகளைப் பேணுவோரிடத்தில் இவற்றுட் பல இன்றும் ஓடிவருகின்றன.

எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள் உண்டு. ஒவ்வொன்றின் உட்குறுக்களவு 3¾ அங்குலம். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 4 அங்குலம். வலிமை 20 குதிரைச் சக்தி. பிஸ்டனையும் கீழேயுள்ள கிராங்குத் தண்டையும் இணைப்பது கனெக்டிங் ராடு. ராடின் கீழ்வாயும், கிராங்குத் தண்டைத் தாங்கும் மூன்று பேரிங்குகளும் ‘பாபிட்’ என்னும் மிருதுவான வெண்ணிற உலோகக் கலவையால் உட்பூச்சிடப்பட்டவை. எண்ணெயை அழுத்தித் தள்ளும் பம்பு இதில் இல்லை. அடியிலுள்ள சிறு பள்ளங்களில் நிற்கும் எண்ணெயை ராடுகளின் முனைகள் வாரி இறைப்பதாலேயே பேரிங்குகள் நனைகின்றன. ஜலத்தைச் சுழற்றவும் பம்பு கிடையாது. சூடான ஜலம் மேலேறி, குளிர்ந்தது கீழிறங்கும் இயல்பைக் கொண்டே எஞ்சின் தணிகின்றது.

ஆதலால் எண்ணெய் குறைந்தாலும் ஜலம் குறைந்தாலும் இந்த எஞ்சின் உடனே வருந்தும். அவ்வருத்தம் முதலில் வெளிப்படுவது சப்தமாகவே.

தட்டுச் சப்தம் இருவகை

கேட்பவர் காதுக்கு எல்லாம் ஒரே ‘டக் டக்’ என்று தோன்றினும், தட்டுச் சப்தங்கள் உற்பத்தியினால் இருவகைப்படும். ஒன்று, பெட்ரோல் வாயு எரியும் முறையில் உண்டாகும் கோளாறு. மற்றொன்று, தேய்ந்து தளர்ந்த உறுப்புகள் ஒன்றையொன்று மோதுவது. முந்தியது ஆகாரத்தினால் வரும் நோய் போன்றது. பிந்தியது எலும்பு மூட்டின் நோய் போன்றது. முந்தியதற்குப் பெரும்பாலும் நெம்புகோலைத் தள்ளுவதாலோ கரியைச் சுரண்டுவதாலோ பரிகாரம் கிடைக்கும். பிந்தியதற்கு எஞ்சினைத் திறக்க வேண்டும். எது எது என்று தெரியாமல் எஞ்சினைப் பிரிப்பது, வயிற்று வலிக்காரனுக்குக் காலில் கட்டுப் போடுவதை ஒக்கும்.

எரிதலால் உண்டாகும் சப்தம்

பொறி விழுந்தவுடன் சிலிண்டரிலுள்ள வாயு முழுவதும் ஒரே கணத்தில் பற்றிக்கொள்வதில்லை. வைக்கோற்போரின் ஒரு மூலையில் வைத்த நெருப்புப் பரவுவதுபோல, ஆனால் மிகுந்த வேகத்தோடு, சுவாலை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் செல்லும். அது சென்று முடிய ஒரு வினாடியில் இருநூற்றில் ஒரு பங்கு ஆகிறதென்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். எஞ்சின் நிமிஷத்துக்கு 1,000 சுற்றுச் சுற்றினால், அந்நேரத்தில் கிராங்கு 30 பாகை திரும்பிவிடும். 500 சுற்றில் 15 பாகைதான் திரும்பும். ஆகையால் வேகம் அதிகரிக்க அதிகரிக்கப் பொறியை முன்னதாக விடுவது அவசியமாகிறது.

‘டி’ வண்டியில் இவ்வேலை ஓட்டுபவன் கையில் விடப்பட்டிருந்தது. ஸ்டீரிங் சக்கரத்தின் கீழ் இடப்பக்கம் பொறியின் நெம்புகோலும், வலப்பக்கம் வாயுவைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலும் இருக்கும். இடது நெம்புகோலை மேலே தள்ளினால் பொறி பிந்தும். கீழே இழுத்தால் முந்தும். பொறி மிகவும் முந்திவிட்டால், பிஸ்டன் மேலேறி முடிவதற்குள் எரிந்த வாயு அதை எதிர்த்து மோதும். அப்போது எஞ்சினுக்குள் மந்தமான தட்டு ஒன்று கேட்கும். இழுக்கும் வலிமையும் குன்றும். நெம்புகோலைச் சிறிது மேலே தள்ளிய மாத்திரத்தில் சப்தம் நின்றுவிட்டால் நோயும் அதுவே, மருந்தும் அதுவே. மேடேறும்போது எஞ்சின் வேகம் தணிவதால், பொறியையும் சிறிது பிந்தச் செய்ய வேண்டும். இதை மறந்தவர்களே மேட்டில் தட்டுச் சப்தம் கேட்டுத் திகைத்தனர்.

இரண்டாவது காரணம் கரி. எண்ணெயும் அரைகுறையாய் எரிந்த பெட்ரோலும் பிஸ்டன் தலையிலும் சிலிண்டர் மூடியிலும் கரியாகப் படிகின்றன. கரி படியப் படிய வாயு அடங்கும் இடம் குறுகி, அழுத்தம் கூடும். கரித்துணுக்குகள் கனன்று, பொறி விழுமுன்னரே வாயுவைப் பற்றவைக்கவும் செய்யும். இதன் சப்தம் தெளிவாய், வெறுங்குடத்தைத் தட்டுவதுபோல் இருக்கும். எஞ்சின் நன்றாய்ச் சூடேறிச் செங்குத்தான மேட்டில் ஏறும்போதும், வாயுவைத் திடீரென்று கூட்டும்போதும் மிகுதியாய்க் கேட்கும். பொறியின் இணைப்பை நிறுத்திய பின்னும் எஞ்சின் சில சுற்றுகள் தானே ஓடுமாயின், உள்ளே ஏதோ கனன்றுகொண்டிருப்பது நிச்சயம்.

மூன்றாவது காரணம் உஷ்ணம். ஜலம் குறைந்த நிலையிலும், ரேடியேட்டரில் உப்புப் படிந்த நிலையிலும் எஞ்சின் மிதமிஞ்சிக் கொதித்து, முன் கூறிய தட்டையே உண்டாக்கும்.

நான்காவது காரணம் எரிபொருள். வாயுவை அழுத்தும்போது அது சூடேறுகின்றது. சுவாலை சென்றடையுமுன், மூலையில் எஞ்சியிருக்கும் வாயு அவ்வழுத்தத்தையும் சூட்டையும் தாங்காமல் ஒரே கணத்தில் தானே வெடித்துச் சுவரை அறைவதுண்டு. மண்ணெண்ணெய் இவ்வாறு எளிதில் வெடிக்கும் இயல்புடையது. ஆதலின் மண்ணெண்ணெயில் ஓடிய ஆதி டிராக்டர்களில் இச்சப்தம் சர்வ சாதாரணமாயிருந்தது. ‘டி’ எஞ்சின் வாயுவை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காக மாத்திரமே அழுத்துவது. இக்காலத்துக் கார்களோ பத்தில் ஒரு பங்காகவும் அதற்கு மேலும் அழுத்துகின்றன. ஆகவே இன்றைய சாதாரணப் பெட்ரோலில் பழைய ‘டி’ வண்டி ஒன்று தட்டுமாயின், பெட்ரோலைக் குறை கூற இடமில்லை. பொறி, கரி, உஷ்ணம், தேய்மானம் என்ற நான்கில் ஒன்றையே சந்தேகிக்க வேண்டும். விலையுயர்ந்த பெட்ரோலை ஊற்றுவது வீண் செலவு.

தேய்மானத்தால் உண்டாகும் சப்தம்

நிமிஷத்துக்கு 1,000 சுற்றுச் சுற்றும் எஞ்சினில் ஒவ்வொரு பிஸ்டனும் நிமிஷத்துக்கு 2,000 தடவை நின்று திரும்புகின்றது. பிஸ்டன் தலையின் பரப்பு சுமார் 11 சதுர அங்குலம். சதுர அங்குலத்துக்கு 100 ராத்தல் அழுத்தம் ஏற்பட்டாலும், 1,100 ராத்தல், அதாவது ஏறக்குறைய அரை டன் பாரம், ராடின் வழியாகப் பேரிங்கின்மேல் இறங்கும். பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவே ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கு இடைவெளி இருப்பது முறை. அது தலைமயிரின் பருமனிலும் குறைவு. அவ்விடத்தில் எண்ணெய்ப் படலம் மெத்தைபோல் நின்று பாரத்தைத் தாங்குகின்றது. பாபிட் தேய்ந்து இடைவெளி பெருகினால் எண்ணெய் நில்லாமல் ஒழுகிவிடும். மெத்தை போனபின் உலோகம் உலோகத்தை அடிக்கும். ஒவ்வோர் அடியும் இடைவெளியை மேலும் பெருக்கும். ஆதலால் இந்நோய் தானே தணிவதென்பது கிடையாது.

இவ்வகைச் சப்தங்களைப் பின்வருமாறு பிரித்தறியலாம்.

ராடு பேரிங்கின் தளர்ச்சி: தூரத்தில் ஒருவன் சிறு சுத்தியால் எஃகைத் தட்டுவது போன்ற கணீரென்ற சப்தம். வண்டியை மணிக்கு 25 மைல் வேகத்துக்குக் கொண்டுபோய் வாயுவைத் திடீரென்று மூடினால் மிகத் தெளிவாய்க் கேட்கும். இறக்கத்தில் பாரமின்றி ஓடும்போதும் கேட்கும்.

கிராங்குத் தண்டின் பேரிங்குத் தளர்ச்சி: கனமான, மந்தமான ‘தொம்’ என்ற சப்தம். பாரத்தோடு மேடேறும்போது எழும். காதிற்கு முன்னே காலடிப் பலகை அதை உணர்த்துவதுண்டு.

பிஸ்டன் தளர்ச்சி: வாயுவைத் திடீரென்று திறக்கும்போது மாத்திரம் எழும் கடகடப்பு. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் அதிகமாயும், சூடேறிப் பிஸ்டன் விரிந்தபின் குறைவாயும் இருக்கும்.

பிஸ்டன் முளையின் தளர்ச்சி: எஞ்சின் நின்ற நிலையில் மெதுவாய் ஓடும்போது, இரட்டையாய் விழும் இலேசான கூர்மையான தட்டு.

வால்வுத் தட்டு: தையல் யந்திரத்தின் ஒலி போன்ற மெல்லிய ‘கிளிக்’ சப்தம். கிராங்கு இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு வால்வு ஒரு தடவைதான் திறக்குமாதலால், இதன் தாளம் மற்றவற்றினும் நிதானமாயிருக்கும். பாரம் கூடினாலும் குறைந்தாலும் மாறுவதில்லை. வால்வுத் தண்டுக்கும் அதைத் தள்ளும் முளைக்கும் நடுவே ஓர் அங்குலத்தில் 64-ல் ஒரு பங்குக்குக் குறையாமலும், 32-ல் ஒரு பங்குக்கு மேற்படாமலும் இடைவெளி இருக்க வேண்டும். மேற்பட்டால் முளையை மாற்ற வேண்டியதே. இச்சப்தத்தால் உடனடியான அபாயமில்லை.

பரீட்சை செய்யும் முறை

கருவிகளை எடுக்குமுன் பின்வரும் வரிசைப்படி பரீட்சிப்பது உத்தமம்.

முதலாவது, எண்ணெயைப் பார்க்க வேண்டும். ‘டி’ எஞ்சினின் பின்புறத்தில் அடியில் இரண்டு சிறு குழாய்கள் ஒன்றின்மேல் ஒன்றாக உண்டு. எண்ணெய் மட்டம் அவ்விரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டும். கீழ்க்குழாயைத் திறந்தும் எண்ணெய் வராவிட்டால், வண்டியை அவ்விடத்திலிருந்து ஓர் அடியும் நகர்த்தலாகாது. நெடிய மேட்டில் ஏறுகையில் எண்ணெய் பின்பக்கம் ஒதுங்கி, முன்னுள்ள முதல் ராடு வறண்டு போவதுண்டு. ஆகையால் மலைப்பாதை செல்பவர் எண்ணெயை மேல்மட்டத்துக்குச் சமீபமாய் வைத்துக்கொள்வது நலம்.

இரண்டாவது, ஜலத்தையும் உஷ்ணத்தையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, தட்டும்போதே பொறியின் நெம்புகோலைச் சிறிது மேலே தள்ளிப் பார்க்க வேண்டும். சப்தம் மறைந்தாலும் நன்கு குறைந்தாலும் அது எரிதலைச் சேர்ந்தது. சற்றும் மாறாவிட்டால் தேய்மானமே காரணம்.

நான்காவது, எந்தச் சிலிண்டர் என்று அறிய வேண்டும். ‘டி’ வண்டியில் நான்கு சிலிண்டர்களுக்கும் தனித்தனியே நான்கு சுருள்கள் ஒரு பெட்டியில் இருக்கின்றன. ஒவ்வொரு சுருளின் மேலும் வண்டுபோல் ரீங்காரம் செய்யும் ஒரு தகடு உண்டு. அத்தகட்டை உலர்ந்த மரக்குச்சியால் அழுத்தி ரீங்காரத்தை நிறுத்தினால், அந்தச் சிலிண்டருக்குப் பொறி போகாது. முதலில் ஒன்றையும் நான்கையும் அழுத்தி, மற்ற இரண்டில் எஞ்சினை ஓடவிட வேண்டும். தட்டு நின்றுவிட்டால் குற்றம் ஒன்றிலோ நான்கிலோ உள்ளது. நில்லாவிட்டால் இரண்டிலோ மூன்றிலோ உள்ளது. பின்னர் ஒவ்வொன்றாய் அழுத்தி நிச்சயிக்கலாம். எரியும் வேகம் தாக்காதபோது தளர்ந்த பேரிங்கின் அடி தணிந்துவிடும் என்பதே இம்முறையின் தத்துவம்.

ஐந்தாவது, நீண்ட மரக்கோலின் ஒரு முனையை எஞ்சின்மேல் வைத்து, மறுமுனையைக் காதோடு சேர்த்துக் கேட்கலாம். வைத்தியர் மார்பில் குழாய் வைத்துக் கேட்பது போன்றதே இது. சுழலும் காற்றாடிக்கு அருகில் வேஷ்டி முனையையும் துண்டையும் கொண்டுபோகலாகாது.

கரி சுரண்டுதல்

எஞ்சின் ஆறியபின் ஜலத்தை வடித்து, ஸ்பார்க் பிளக்குக் கம்பிகளைக் கழற்றி, மூடியிலுள்ள 15 போல்ட்டுகளையும் எடுத்து மூடியைத் தூக்க வேண்டும். மூடியின் உட்புறத்தையும் பிஸ்டன் தலைகளையும் முனை மழுங்கிய தகட்டால் சுரண்ட வேண்டும். சுரண்டும் கரி சிலிண்டர் சுவரின் இடுக்கிலும் போல்ட்டுத் துவாரங்களிலும் விழலாகாது; விழுந்தால் மணல்போல் நின்று அரைக்கும். பின்பு துணியால் துடைத்து, கேஸ்கெட்டைச் சரியாய் வைத்து மூட வேண்டும். போல்ட்டுகளை ஒரு பக்கமாய் இறுக்கிக்கொண்டு போகாமல், நடுவிலிருந்து இருபுறமும் மாறிமாறிச் சிறிது சிறிதாய் இறுக்க வேண்டும். எஞ்சின் சூடேறிய பின் மறுபடியும் ஒரு சுற்று இறுக்குவது முறை.

ராடு பேரிங்கைச் சரிசெய்தல்

எண்ணெயை வடித்து அடிமூடியைக் கழற்றினால் ராடுகளின் கீழ்வாய்கள் தெரியும். வண்டிக்கு அடியில் புகுமுன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பொறியின் இணைப்பை நிறுத்தியிருக்க வேண்டும். குற்றமுள்ள ராடின் கீழ்த்தொப்பியைக் கழற்றி, பாபிட் பூச்சைக் கவனிக்க வேண்டும். அது வெடித்தோ உதிர்ந்தோ இருந்தால் புதிதாய் உருக்கி வார்ப்பதைத் தவிர வழியில்லை. பூச்சு நன்றாயிருந்து தேய்மானம் மாத்திரம் இருந்தால், தொப்பியின் இரு ஓரங்களையும் சமமாய் அரத்தால் சிறிது ராவி, ராடிலும் தொப்பியிலும் உள்ள அடையாளப் புள்ளிகள் ஒரே பக்கம் வரும்படி மீண்டும் பொருத்த வேண்டும். பொருத்திக் கையால் எஞ்சினைச் சுற்றிப் பார்க்கையில் இலேசான பிடிப்புத் தெரிய வேண்டும். இன்னும் ஆட்டமிருந்தால் மறுபடி கழற்றி ராவ வேண்டும். ஒரேயடியாய் ராவியவன் இழந்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. அதிகமாய் இறுகிய பேரிங்கு எண்ணெய்க்கு இடங்கொடாமல் தண்டையே கீறிவிடும்.

ஒன்றைப் பொருத்தியதும் அதைச் சிறிது தளர்த்தி வைத்துவிட்டு அடுத்ததைப் பொருத்த வேண்டும். அப்போதுதான் ஒவ்வொன்றின் பிடிப்பும் தனித்தனியே தெரியும். எல்லாம் முடிந்தபின் அனைத்தையும் இறுக்கி, நட்டுகளுக்குப் பிளவு ஊசிகளை மறவாமல் போட்டு, புதிய எண்ணெய் ஊற்ற வேண்டும். கிராங்குத் தண்டின் பேரிங்குகளுக்கு எஞ்சினை வண்டியிலிருந்து இறக்க வேண்டியிருப்பதால், அதைப் பழகிய தொழிலாளியிடம் விடுவதே உசிதம்.

வேலை முடிந்து எஞ்சினைக் கிளப்புமுன் இடது நெம்புகோல் மேலே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பொறி முந்திய நிலையில் கைப்பிடியைச் சுற்றினால் எஞ்சின் பின்னுதைத்துக் கையை முறித்துவிடும். அவ்வாறு கை முறிந்தோர் அந்நாளில் பலர். கட்டைவிரலை மற்ற விரல்களின் பக்கமே வைத்துக்கொண்டு, இடது கையால் கைப்பிடியை மேல்நோக்கி இழுப்பதே முறை.

சப்தத்தை அடக்கியதும் காரணத்தை நீக்கியதும்

1916-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் ஒஹையோ ராஜ்யத்து டேடன் நகரில், சார்லஸ் கெட்டரிங் என்பவரின் ஆராய்ச்சிசாலையில் தாமஸ் மிட்ஜ்லி என்னும் இளைஞர் சேர்ந்தார். பண்ணைகளுக்கு மின்சார விளக்கு அளிக்க அக்காலத்தில் விற்கப்பட்ட சிறு எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடும்போது பலமாய்த் தட்டின. அதன் காரணத்தை ஆராயும்படி அவர் ஏவப்பட்டார். பொறி முந்துவதே காரணம் என்று பலர் எண்ணியிருக்க, பொறி விழுந்த பின்னரே அழுத்தம் திடீரென்று எகிறுகிறது என்று அவர் கருவியால் காட்டினார். குற்றம் எரிபொருளைச் சேர்ந்தது என்று விளங்கியது. அயோடின் முதலிய பற்பல பொருள்களைக் கலந்து பார்த்தபின், 1921-ஆம் வருஷம் டிசம்பர் 9-ஆம் தேதி, ஈயம் கலந்த டெட்ரா எதில் லெட் என்னும் திரவம் மிகச் சிறிதளவிலேயே தட்டை அடக்கிவிடுவது கண்டறியப்பட்டது. 1923-ஆம் வருஷத்தில் அது பெட்ரோலில் கலந்து விற்கப்பட்டது.

ஈயம் நஞ்சு என்பது அன்றும் தெரிந்த விஷயமே. மிட்ஜ்லியே அதனால் நோயுற்று ஓய்வெடுக்க நேர்ந்தது. 1924-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் நியூ ஜெர்சி ராஜ்யத்திலிருந்த ஒரு தொழிற்சாலையில் ஐந்து தொழிலாளர் அவ்விஷத்தால் மாண்டனர். சாராயச் சத்தாகிய ஆல்கஹாலும் தட்டைத் தணிக்கும் என்பது அறியப்பட்டிருந்தும், ஈயமே உலகெங்கும் பரவியது. புகையோடு வெளிப்பட்ட ஈயம் காற்றிலும் மண்ணிலும் படிந்து, முக்கியமாய்க் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுத்தது. இந்தியாவில் 2000-ஆம் வருஷத்தில் ஈயப் பெட்ரோல் நிறுத்தப்பட்டது. மோட்டார் வண்டிகளுக்கு அதைக் கடைசியாய் விற்ற தேசமாகிய அல்ஜீரியா 2021-ஆம் வருஷத்தில் நிறுத்தியது. இவ்வாறு ஒரு தட்டுச் சப்தத்தை அடக்கப் போட்ட மருந்தை நீக்குவதற்கு நூறு வருஷங்கள் ஆயின. மருந்தின் குணத்தோடு அதன் தோஷத்தையும் முதலிலேயே விசாரிக்க வேண்டும் என்பதற்கு இதினும் பெரிய சான்று வேண்டியதில்லை.

கிணற்றடி எஞ்சினுக்கும் இதே பாடம்

நம் கிராமங்களில் நீர் இறைக்கும் டீசல் எஞ்சினில் பொறி கிடையாது. அழுத்தத்தின் உஷ்ணத்தாலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். ஆகையால் சிறிது தட்டு அதன் இயல்பு. ஆனால் நேற்றில்லாத தட்டு இன்று கேட்டால் அது இயல்பன்று. ஓடும்போது எண்ணெயை ஒரு கணம் நிறுத்திப் பார்க்க வேண்டும். சப்தமும் அக்கணமே நின்றால் கோளாறு எரிதலில், அதாவது எண்ணெய் பீச்சும் காலத்திலோ பீச்சுக்குழாயிலோ உள்ளது. எஞ்சின் தன் வேகத்தில் சுற்றி ஓயும் வரையில் தட்டும் தொடருமாயின் பேரிங்கையோ பிஸ்டனையோ பார்க்க வேண்டும். தேய்ந்த ராடு நாற்றுக் காலத்திலோ கதிர் வாங்கும் சமயத்திலோ முறிந்து எஞ்சினின் பக்கச் சுவரைத் துளைத்துவிட்டால், நஷ்டம் எஞ்சினோடு நில்லாது, பயிரும் காயும்.

கவனத்தில் வைக்க வேண்டியவை

1. எஞ்சின் நன்றாயிருக்கும்போதே அதன் சப்தத்தைக் காது பழகியிருக்க வேண்டும். ஆரோக்கியக் குரலை அறியாதவன் நோய்க் குரலை அறிய மாட்டான்.

2. தட்டுக் கேட்டவுடன் முதலில் எண்ணெய், அடுத்து ஜலம், அதன் பின்னரே மற்றவை.

3. பாரத்தில் கேட்கிறதா, பாரமின்றிக் கேட்கிறதா, சூட்டிலா, குளிரிலா என்று குறித்துக்கொண்ட பிறகே கருவியை எடுக்க வேண்டும்.

4. கனத்த எண்ணெயை ஊற்றியோ வேகத்தைக் குறைத்தோ சப்தத்தை மறைப்பது பரிகாரமன்று. எஞ்சினை விற்பவரே அவ்விதம் செய்வது வழக்கம். வாங்குபவர் இதை நினைவில் வைப்பது நலம்.

5. மண்ணெண்ணெயில் ஓடும் பழைய எஞ்சின்களில், எரியாத எண்ணெய் கீழே இறங்கி மசகெண்ணெயை நீர்க்கச் செய்யும். ஆகவே மசகெண்ணெயை அடிக்கடி மாற்றாவிடில் பேரிங்கு தேய்வது நிச்சயம்.

6. கிராமத்தில் ஒருவர் எஞ்சினைத் திறக்கும்போது மற்ற எஞ்சின்காரர்களும் கூடியிருந்து பார்ப்பது அனைவர்க்கும் பிரயோஜனமாகும். நல்ல பேரிங்கையும் தேய்ந்த பேரிங்கையும் ஒருமுறை விரலால் தொட்டு ஆட்டிப் பார்த்தவருக்கு, மறுமுறை தட்டுக் கேட்கையில் சந்தேகம் இராது.